மிக்சர் பொட்டலம் வேண்டாம்: போர்ட்டோலா ரெட்வுட் காட்டில் கூடாரம் போட வருபவர்களுக்கு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்கள் ரெட்வுட் மரம் காட்ட அழைத்துப் போகும் இடம் பெரும்பாலும் மியூர் வுட்ஸ்தான். வண்டி நிறுத்தவே முன்பதிவு வேண்டும். மரப்பலகை நடைபாதையில் வரிசையாக நடக்க வேண்டும். இரவு தங்க முடியாது. குறை சொல்லவில்லை, அழகான இடம். ஆனால் அந்த மரங்களின் அடியில் தூங்கி எழ வேண்டும் என்றால் சான்டா குரூஸ் மலையின் மேற்குச் சரிவில் ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் போர்ட்டோலா ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்கு வாருங்கள். பாலோ ஆல்டோவிலிருந்து கூப்பிடு தூரம் என்று வரைபடம் சொல்லும். மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் கூட்டத்தை வடிகட்டுகிறது.

நான் சன்னிவேலில் இருக்கிறேன். கோடை தொடங்கினால் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போவேன். ஒருமுறை திருவாரூரிலிருந்து வந்திருந்த மாமனாரையும் கூட்டிப் போனேன். கூடாரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்டில் கட்டில் இருக்கும்போது தரையில் படுப்பதற்கு இங்கே வாடகை வேறு கொடுக்கிறாயா?" என்று கேட்டார். "ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள் மாமா, பிடிக்காவிட்டால் நாளைக்கே திரும்பிவிடலாம்" என்றேன். அவரை வைத்து நான் தெரிந்துகொண்டவை பல, பின்னால் சொல்கிறேன்.

இடம் பிடிப்பது

கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களுக்கு எல்லாம் ஒரே முன்பதிவுத் தளம்தான், ரிசர்வ்கலிஃபோர்னியா. ஆறு மாதத்துக்கு முன்பே கதவு திறக்கும், காலை 8 மணிக்கு. ஜூன் மாத வெள்ளிக்கிழமை வேண்டும் என்றால் டிசம்பரில் அதே தேதியில் கணினி முன்னால் உட்கார வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஞாயிறு மாலை போய்ச் செவ்வாய் திரும்புகிற மாதிரி பாருங்கள். பள்ளி விடுமுறையில்கூட இடம் கிடைக்கும். இன்னொரு வழி, ரத்தான இடங்கள். பயணத் தேதிக்கு முந்தைய வாரத்தில் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் யாராவது கைவிட்டிருப்பார்கள்.

முகாமில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட குடும்ப இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, நெருப்பு வளையம், உணவு வைக்க ஒரு பெட்டி. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் நடக்கும் தூரத்தில். குளியலறை உண்டு, ஆனால் வெந்நீருக்குத் தனியாகக் காசு போட வேண்டும். குளிர்காலத்தில் முகாமை மூடிவிடுவார்கள். வசந்தத்தில் திறந்து இலையுதிர்காலத்தில் அடைப்பது வழக்கம்; தேதி மழையையும் சாலையின் நிலையையும் பொறுத்து மாறும். புறப்படும் முன் பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் இந்த மலைச் சாலைகள் சரிவது புதிதல்ல.

எனக்குப் பிடித்தது மே கடைசியும் ஜூனும். ஓடையில் தண்ணீர் இருக்கும், குளவிகள் இன்னும் பெருகியிருக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் மஞ்சள் குளவிகள் சாப்பாட்டு மேஜைக்கு அழையாத விருந்தாளிகளாக வந்து உட்காரும். காட்டுத்தீ பயமும் அப்போதுதான் அதிகம். விறகு நெருப்பு மூட்டத் தடை வரலாம். 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய தீ பக்கத்திலிருக்கும் பிக் பேசின் பூங்காவை ஏறக்குறைய முழுதாக எரித்தது. 1902இல் தொடங்கிய, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அது. போர்ட்டோலா பெரும்பாலும் தப்பியது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். முன்பதிவுத் தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் படம் இருக்கும். தரையில் எங்காவது வெயில் திட்டு தெரிகிறதா என்று தேடுங்கள். மற்ற முகாம்களில் நிழல் தேடுவோம், இங்கே தலைகீழ். காலை பத்து மணிக்குக்கூட வெயில் தரை தொடாத இடங்கள் இருக்கின்றன. வயதானவர்களோடு போனால் கழிவறைக்கு அருகில், ஆனால் அதன் வாசலுக்கு எதிரே இல்லாமல் எடுங்கள். இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும் கண்ணில் அடிக்கும்.

வழி

இங்கேதான் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள். கலிஃபோர்னியாவில் போர்ட்டோலா என்ற பெயர் பல இடங்களுக்கு உண்டு. 1769இல் இந்தக் கரையோரமாகப் படையோடு வந்த ஸ்பானியத் தளபதி காஸ்பர் டி போர்ட்டோலாவின் பெயர் அது. சியரா மலைப் பக்கம் போர்ட்டோலா என்று ஒரு ஊர் இருக்கிறது. 280 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் போர்ட்டோலா வேலி என்று இன்னோர் ஊர். பூங்கா இரண்டிலும் இல்லை. போதாததற்கு ஆல்பைன் சாலை என்ற ஒன்று போர்ட்டோலா வேலியிலிருந்து மலையேறத் தொடங்கும். அதை நம்பிப் போனால் கொஞ்ச தூரத்தில் கேட் போட்டு மண்பாதையாகிவிடும், வண்டி போகாது. நமக்கு வேண்டியது மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆல்பைன் சாலை.

எளிய வழி இது. 280இல் பேஜ் மில் சாலையில் இறங்கி மேற்கே மலையேறுங்கள். முகட்டில் ஸ்கைலைன் சாலை, அதாவது 35ஆம் நெடுஞ்சாலை, குறுக்கே வரும். அதை நேராகக் கடந்தால் ஆல்பைன் சாலை. மூன்று மைலுக்குச் சற்று மேல் போனதும் இடப்பக்கம் போர்ட்டோலா மாநிலப் பூங்காச் சாலை பிரியும். அங்கிருந்து இன்னொரு மூன்று மைல், இறக்கமோ இறக்கம். பேஜ் மில்லின் கொண்டை ஊசி வளைவுகள் வேண்டாம் என்பவர்கள் சாரடோகாவிலிருந்து 9ஆம் நெடுஞ்சாலையில் ஏறி ஸ்கைலைன் வழியாக வடக்கே வரலாம். சுற்று அதிகம், வயிற்றுக்கு நல்லது.

பேஜ் மில் சாலையில் ஏறும்போது குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லலாம். வில்லியம் பேஜ் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் இப்போது பூங்காவாக இருக்கும் இந்தப் பள்ளத்தில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தார். அறுத்த பலகைகளைச் சமவெளிக்கு இறக்கப் போட்ட பாதைதான் இன்று தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டும் அதே பேஜ் மில் சாலை. மலையின் ஒரு பக்கம் மரம் வெட்டிய இடம், மறுபக்கம் அதை விற்ற இடம். சாலை மட்டும் அப்படியே இருக்கிறது.

முகட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏறக்குறைய 2,000 அடி உயர வித்தியாசம். பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு உப்பு நாரத்தங்காய் கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த மாத்திரையைவிடவும் எங்கள் வீட்டில் அதற்குத்தான் மதிப்பு. பெட்ரோல் கீழேயே நிரப்புங்கள். மின்சார வண்டி என்றால் கீழேயே சார்ஜ் ஏற்றுங்கள், திரும்பும்போது அந்த 2,000 அடியையும் ஏற வேண்டும் என்பதை மனதில் வைத்து. பெரிய வண்டிவீடுகளுக்கு இந்தச் சாலை ஆகாது. பூங்காவே 24 அடிதான் எல்லை என்கிறது.

ஸ்கைலைனைத் தாண்டியதும் செல்போன் செத்துவிடும். வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள், முன்பதிவுச் சீட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பின்தொடர்ந்து வரும் நண்பர்களிடம் "அங்கே வந்து போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த எண் இடம், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பதைக் கீழேயே பேசி முடியுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் இரண்டு நாள் பேச மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திருவாரூரில் ஒரு பெரிய கலவரமே நடக்கும்.

ஈரமும் குளிரும்

கலிஃபோர்னியா என்றால் வெயில் என்று நினைத்து வருபவர்களை இந்தக் காடு நடுங்க வைக்கும். சன்னிவேலில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும் நாளில் கூட இங்கே இரவு 50க்குக் கீழே இறங்கும். பசிபிக் கடலிலிருந்து கோடையில் மூடுபனி மலை இடுக்குகள் வழியாக ஏறி வருகிறது. உச்சியில் இருக்கும் ஊசியிலைகள் அந்தப் பனியைச் சல்லடை போட்டுப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றன. கோடையில் மழையே இல்லாத இந்தப் பகுதியில் இவ்வளவு பெரிய மரம் உயிரோடிருக்க இந்தச் சொட்டுத் தண்ணீர் பெரிய காரணம். மரத்துக்கு நல்லது, உங்கள் போர்வைக்கு நல்லதில்லை.

ஆகவே மழை வராது என்று வானிலை அறிக்கை சத்தியம் செய்தாலும் கூடாரத்தின் மேல்விரிப்பைக் கட்டுங்கள். தரைவிரிப்பு கூடாரத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சொட்டும் நீரை வாங்கி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். தூங்கும் பைக்குக் கீழே மெத்தை போட்டே ஆக வேண்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். பருத்தித் துணி ஈரமானால் காயாது. கம்பளியோ செயற்கை இழையோ போட்டுக்கொள்ளுங்கள். மாமனாருக்கு நான் செய்தது: இரண்டு மெத்தை, குரங்குக் குல்லாய், காலுக்கு வெந்நீர்ப் பை. காலையில் அவர்தான் கடைசியாக எழுந்தார்.

கூடாரம் போடும் முன் அண்ணாந்து பாருங்கள். முறிந்த கிளை ஏதாவது மேலே தொங்கிக்கொண்டிருந்தால் இடத்தை மாற்றுங்கள். முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் கிளைக்குக் கூடாரத் துணி ஒரு பொருட்டே இல்லை. பிறகு தரையைப் பாருங்கள். ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் நூறு அடி வரை கூடப் பரவிப் பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொள்ளும். அடிமரத்தை ஒட்டி மண்ணை மிதித்து இறுக்கினால் அந்த வேர்களுக்கு மூச்சு முட்டும். ஏற்கெனவே மிதிபட்ட முகாம் தரையிலேயே கூடாரம் இருக்கட்டும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். ஓக் மரங்களைக் கொல்லும் நோயும் பூச்சியும் இந்த மாநிலத்தில் விறகோடு ஊர்விட்டு ஊர் போகின்றன. கீழே கிடக்கும் சுள்ளிகளையும் பொறுக்கக் கூடாது, அது பூங்கா விதி. பூங்காவிலேயே கட்டு விற்பார்கள். நெருப்பு மூட்ட முடியாமல் போகலாம் என்று எண்ணிச் சமையலை முழுக்க எரிவாயு அடுப்பிலேயே திட்டமிடுங்கள். நெருப்பு பேச்சுத் துணைக்கு மட்டும்.

சமையலறையைக் காட்டுக்குக் கொண்டுவரும்போது

இந்தப் பகுதியைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மற்றவை உங்களுக்கே தெரியும், அல்லது ஒரு தடவை போனால் தெரிந்துவிடும்.

மார்பில்டு மர்ரிலெட் என்று ஒரு கடற்பறவை இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேல், உருண்டையான உடம்பு. வாழ்நாளெல்லாம் கடலில் மீன் பிடித்துத் தின்னும். முட்டையிட மட்டும் மைல் கணக்கில் உள்நாட்டுக்குப் பறந்து வந்து, மிகப் பழைய மரங்களின் உச்சிக்கு அருகில், பாசி படர்ந்த தடித்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். கூடு கட்டாது. பாசியில் ஒரு குழிவு போதும். இது எங்கே முட்டையிடுகிறது என்று பறவை ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது. 1974இல் பக்கத்துப் பிக் பேசினில் மரமேறிக் கிளை வெட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, தன் காலுக்கு அருகே ஒரு குஞ்சு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பெரிய மரங்களைப் பெருமளவு வெட்டித் தீர்த்ததால் பறவை அருகிப்போனது. மிச்சமிருப்பதற்கு இப்போது எமன், நீல நிறக் கொண்டைக் காகம். ஸ்டெல்லர்ஸ் ஜே என்பது அதன் பெயர். முகாம்களில் சிந்தும் சாப்பாட்டுக்காக ஜேக்களும் அண்டங்காக்கைகளும் கூட்டம் கூடுகின்றன. சாப்பாடு தேடி வந்தவை சும்மா இருக்குமா? மேலே ஏறி ஒவ்வொரு கிளையாகத் துழாவும்போது அந்த ஒற்றை முட்டையும் அகப்பட்டுவிடுகிறது. நாம் கீழே சிந்தும் ஒரு பிடி சோறு, மேலே நமக்குத் தெரியாத ஒரு முட்டைக்கு உலை வைக்கிறது. அதனால்தான் இந்த மலையில் உள்ள பூங்காக்களில் துணுக்கு சிந்தாதே என்று அவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

இப்போது நம்முடைய தின்பண்டங்களை யோசித்துப் பாருங்கள். மிக்சர். ஓமப்பொடி, காராபூந்தி, அவல், வேர்க்கடலை, எல்லாம் விரல் இடுக்கில் வழியும் அளவு. நான்கு பேர் ஒரு பொட்டலத்தைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசிவிட்டு எழுந்தால் அந்த இடம் ஜேக்களுக்கு ஒரு வாரத்துக்கான அன்னதானக் கூடம். ஆகவே என் சட்டம்: மிக்சர், காராபூந்தி, பொரி, தட்டையில் உடைந்தவை எதுவும் வண்டியில் ஏறாது. கடலை மிட்டாய், கமர்கட்டு, பேரீச்சம்பழம், வாழைப்பழம் ஏறலாம். முறுக்கு வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் ஒரு கிண்ணத்தில் வைத்து மேஜை மேல் மட்டும். அந்த ஜே எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கும். சற்றுத் தலை திரும்பினால் முழு முறுக்கையும் தூக்கும். பருந்து குரலைப் போலிசெய்து கத்தவும் அதற்குத் தெரியும். குழந்தைகள் வானத்தைப் பார்க்கும் நேரத்தில் காரியத்தை முடித்துவிடும்.

சமையலுக்கு வருவோம். அரிசி களைந்து, குக்கர் வைத்து, சாம்பார், பொரியல் என்று இறங்காதீர்கள். கழுவ வேண்டிய பாத்திரம் பெருகும், கழிவுநீர் பெருகும். வீட்டிலேயே புளிக்காய்ச்சல் கிண்டிப் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சோறு மட்டும் வடித்தால் போதும். மறுநாள் பருப்புப்பொடி, நெய். அப்பளம் வேண்டாம் (அதுவும் நொறுங்கும்). காலைக்கு ரவையை வீட்டிலேயே வறுத்து, தாளிப்பையும் அதிலேயே கலந்து ஒரு டப்பாவில் அடைத்தால் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளற வேண்டியதுதான். குளிரில் இந்த உப்புமாவுக்கு இருக்கும் மரியாதை வீட்டில் அதற்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. இரவுக்கு மிளகு ரசம். அதை மட்டும் அங்கேயே வைக்கலாம், அந்த மணத்துக்காக.

பாத்திரம் கழுவும் முறை: முதலில் தட்டில் ஒட்டியதைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பிறகு ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக் கழுவுங்கள். குடிதண்ணீர்க் குழாயடியில் கழுவக் கூடாது, ஓடையில் கழுவவே கூடாது. கழுவிய தண்ணீரை டீ வடிகட்டியில் வடித்து, கறிவேப்பிலையும் கடுகும் குப்பைக்கு, தண்ணீர் முகாமில் சொல்லும் தொட்டிக்கு. கறிவேப்பிலை இலைதானே, மக்கிவிடும் என்று காட்டில் எறிய வேண்டாம். எண்ணெயும் உப்பும் பட்ட எதுவும் இந்தக் காட்டுக்கு இலை அல்ல.

சாப்பிடாத நேரத்தில் எல்லாம் பெட்டிக்குள். "எல்லாம்" என்பதில் பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், விபூதிப் பையில் கிடக்கும் கற்கண்டு வரைக்கும் அடக்கம். இரவில் ரக்கூன்கள் வரும். அவற்றின் கைக்கு ஜிப் ஒரு தடையே இல்லை. கடைசியாகக் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். டார்ச் அடித்து மேஜைக்கு அடியில் துணுக்குப் பொறுக்குவது. அதிகம் பொறுக்கியவருக்குக் கடலை மிட்டாய். எங்கள் வீட்டில் இதற்காகவே சண்டை நடக்கும்.

நடப்பதற்கு

முதல் நாள் பார்வையாளர் மையத்தைச் சுற்றி மெல்ல நடந்தால் போதும். ஓல்ட் ட்ரீ பாதை சிறியது, ஏற்றம் குறைவு. முடிவில் நிற்கும் பழைய மரம் 300 அடியை ஒட்டிய உயரம். மாமனார் அதன் பட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். கல்லைத் தொடும் சில்லிப்பு இருக்காது, நார்நாராக, மெத்தென்று இருக்கும். முதிர்ந்த மரங்களில் அந்தப் பட்டை ஒரு அடி கனம்கூட இருக்கும், பிசின் கிடையாது, துவர்ப்புச் சத்து நிறைந்தது. தீ எளிதில் உள்ளே போகாது. "இதன் விதை எவ்வளவு பெரியதம்மா?" என்றார். கீழே கிடந்த காய் ஒன்றை எடுத்துக் காட்டினேன். நெல்லிக்காய் அளவுதான். விதையோ தக்காளி விதையைவிடப் பெரியதில்லை. அவர் காயைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். வாடகைப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

தரை முழுக்க மூவிலைப் பச்சை விரிந்திருப்பதைக் குனிந்து பாருங்கள். ரெட்வுட் சோரல் என்கிறார்கள். நம் ஊர் வரப்புகளில் கிடைக்கும் புளியாரைக் கீரையின் நெருங்கிய உறவு, அதே பேரினம், இலை மட்டும் பல மடங்கு பெரிது. இந்த இலை நிழலுக்கென்றே பிறந்தது. நடுப்பகலில் மர இடுக்கு வழியாக ஒரு வெயில் திட்டு அதன் மேல் விழுந்தால், சில நிமிடங்களில் மூன்று இலைகளும் குடையை மடக்கியதாகக் கீழே தொங்கிவிடும். வெயில் நகர்ந்ததும் மறுபடி விரியும். ஒரு வெயில் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் கண் முன்னால் நடக்கும். பறித்துத் துவையல் அரைக்கலாமா என்று, நாங்கள் வீடு திரும்பியதும் மாமியார் தொலைபேசியில் கேட்டார். கூடாது. பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது.

டிப்டோ அருவிக்குப் பெஸ்கடேரோ ஓடையைக் கடந்து போக வேண்டும். கோடையில் தற்காலிக மரப்பாலங்கள் போடுவார்கள். அருவி என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஆளுயரம்தான். குற்றாலம் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சுற்றிலும் பெரணி, நடுவில் அந்தச் சின்ன வெள்ளைக் கோடு, பேச்சுச் சத்தம் இல்லை. சிரித்தவர்களும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவார்கள்.

கால் வலுவுள்ளவர்கள் பீட்டர்ஸ் ஓடைச் சுற்றுக்குப் போகலாம். போக வர 12 மைலை ஒட்டி வரும், நாள் முழுக்க ஆகும். முதலில் ஏறி, பிறகு செங்குத்தாக இறங்கி, திரும்ப அதையே ஏற வேண்டும். கோடரிக்குத் தப்பிய பழைய மரங்கள் அந்தப் பள்ளத்தில்தான் நிற்கின்றன. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள், மாலையில் இந்தப் பள்ளத்தில் சீக்கிரம் இருட்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை இந்த நடைக்கு இழுத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கவனிக்க வேண்டியவை சில. பாய்சன் ஓக் செடி: மூன்று இலைகள் ஒரு காம்பில், பளபளப்பு, இலையுதிர்காலத்தில் சிவக்கும். பட்டால் தோல் கொப்பளிக்கும். நம் சேங்கொட்டையும் மா மரமும் இதன் குடும்பம்தான். மாம்பால் பட்டு வாய் புண்ணானவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். உண்ணிகள் புல் நுனியில் காத்திருக்கும். லைம் நோய் பரப்பும் வகையும் அவற்றில் உண்டு. மாலையில் கணுக்கால், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் பாருங்கள். பாதையில் மஞ்சளாக விரல் நீளத்துக்கு ஒன்று ஊர்ந்தால் பயப்பட வேண்டாம், அது பனானா ஸ்லக், ஓடில்லா நத்தை. சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் சின்னமே அதுதான். மலைச் சிங்கம், அதாவது பூமா, இந்த மலையில் இருக்கிறது, கண்ணில் படுவது அபூர்வம். குழந்தைகள் முன்னால் ஓடாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், கையைத் தூக்கிச் சத்தம் போடுங்கள். நாயை முகாமிலும் தார்ச்சாலையிலும் மட்டும் கூட்டிப் போகலாம், காட்டுப் பாதைகளில் கூடாது.

விடியலில் ஒரு வேலை இருக்கிறது. சூரியன் உதிக்க முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து மேலே வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். மே முதல் ஜூலை வரை, அதிர்ஷ்டம் இருந்தால் 'கீர், கீர்' என்று மெல்லிய குரல் மிக உயரத்தில் விரைந்து கடக்கும். கடலில் மீன் பிடித்துக்கொண்டு திரும்பும் மர்ரிலெட். உருவம் தெரியாது. அவ்வளவு வேகம்.

கிளம்பும் நாளில் பன்னிரண்டு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கூடாரம் அதற்குள் காயாது, காத்திருந்து பயனில்லை. மேல்விரிப்பை உதறித் தனிப் பையில் திணியுங்கள், உள்கூடாரத்தை வேறு பையில். குப்பையைத் தொட்டியில் போட்டு மூடியின் கொக்கியை மாட்டுங்கள். உட்கார்ந்திருந்த இடத்தைக் கடைசியாக ஒருமுறை குனிந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன்பே கூடாரத்தைப் பால்கனியில் விரித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று கேரேஜில் பையோடு போட்டால் மூன்றே நாளில் பூஞ்சை பிடிக்கும். அந்த வாடை எந்தச் சோப்புக்கும் போகாது.